நீட்டில் மதிப்பெண் குறைந்தால்: ஜூன் முதல் செப்டம்பர் வரை செய்யக்கூடாதவை

2025 ஜூனில் நீட் முடிவு வந்த அன்று அக்கா வீட்டில் இரவு எட்டு மணி வரை யாரும் விளக்குப் போடவில்லை. பெண்ணுக்கு 720-க்கு 412. எதிர்பார்த்தது ஐந்நூற்றுச் சொச்சம். மறுநாள் காலை காப்பி குடிப்பதற்குள் மூன்று பேர் போன் செய்து மூன்று வழி சொல்லிவிட்டார்கள். ஒருவர் ஜார்ஜியா என்றார். இன்னொருவர், “நமக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கார், மேனேஜ்மென்ட் சீட் பேசிக்கலாம்” என்றார். மூன்றாமவர், “பேசாம இன்ஜினியரிங்ல போட்டு விடுங்க.” எல்லோருக்கும் நல்ல மனசுதான். ஆனால் அன்று எங்களில் யாருக்கும் அவளுடைய ரேங்க் என்னவென்றுகூடத் தெரியாது.

உறவிலும் தெருவிலுமாக ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பார்த்தவரையில் சொல்கிறேன்: மதிப்பெண் போவது மே மாதம் தேர்வறையில். இடம் போவது அதற்கப்புறம், வீட்டில், அவசரத்திலும் அவமானத்திலும்.

முதலில் எல்லோரும் செய்வது, போன வருடக் கட்-ஆஃபைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழுவது, அல்லது சிரிப்பது. இரண்டுமே வீண். 2024-ல் திருத்தப்பட்ட முடிவிலேயே 17 பேர் 720-க்கு 720 எடுத்திருந்தார்கள். 2025-ல் இயற்பியல் வினாத்தாள் பிழிந்தெடுத்துவிட்டது. நாட்டிலேயே முதல் மதிப்பெண் 686. அந்த வருடம் 650-ஐத் தாண்டியவர்கள் இந்தியா முழுக்க 73 பேர்தான். முந்தைய வருடம் அதே 650-க்கு ரேங்க் இருபத்தைந்தாயிரத்துக்கும் அப்பால் கிடந்தது. ஆகவே ‘எதிர்வீட்டுப் பையன் போன வருடம் 560 வாங்கியே கிடைக்கவில்லை’ என்ற கதைக்கு இந்த வருடம் மதிப்பில்லை. பார்க்க வேண்டியது ரேங்க். அதிலும் அகில இந்திய ரேங்க் பாதிக் கதைதான். மாநிலத் தேர்வுக் குழு வெளியிடும் பட்டியலில் பொது வரிசையில் எத்தனையாவது, பி.சி., எம்.பி.சி. என்று நம் இட ஒதுக்கீட்டு வகுப்புக்குள் எத்தனையாவது என்பதுதான் தமிழ்நாட்டில் இடத்தைத் தீர்மானிக்கும். 69 சதவீத இட ஒதுக்கீடு உள்ள மாநிலத்தில் வகுப்புவாரி ரேங்க்கைப் பார்க்காமல் நம்பிக்கை இழப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ‘குவாலிஃபைடு’ என்று வந்ததும் இனிப்பு வாங்குவது. பொதுப் பிரிவுக்கு 50 பெர்சென்டைல் வேண்டும் என்றால், எழுதியவர்களில் பாதிப் பேரை முந்தியிருக்க வேண்டும் என்று அர்த்தம். 720-ல் பாதியான 360 வாங்க வேண்டும் என்று அர்த்தமில்லை. 2025-ல் அந்தக் கோடு 144 மதிப்பெண்ணில் நின்றது. ஏறத்தாழ 22 லட்சம் பேர் எழுதியதில் 12.36 லட்சம் பேர் தகுதி பெற்றார்கள். நாட்டிலுள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ, அரசு, தனியார் எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சத்தை ஒட்டித்தான். தகுதி என்பது வரிசையில் நிற்க அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். ‘கவுன்சலிங்’ என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் தனித்தனிக் கதவுகள். அரசுக் கல்லூரிகளில் 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீடு, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், எய்ம்ஸ், ஜிப்மர் எல்லாம் டெல்லியில் உள்ள மருத்துவக் கவுன்சலிங் குழுவான எம்.சி.சி. வழியாக. தமிழ்நாட்டின் 85 சதவீத அரசு இடங்களும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீடும் மேனேஜ்மென்ட் ஒதுக்கீடும் சென்னையில் உள்ள மாநிலத் தேர்வுக் குழு வழியாக. சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதிக்கு நீட் மதிப்பெண்தான் வேண்டும், ஆனால் அதற்கு இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதி இயக்ககத்துக்குத் தனி விண்ணப்பம். “எம்.பி.பி.எஸ். கிடைக்கலைன்னா தானா சித்தாவுக்குத் தள்ளிவிடுவாங்க” என்று நம்பி உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அப்படி யாரும் தள்ளிவிட மாட்டார்கள். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படிக்க ஆசைப்பட்ட பிள்ளை, கடைசித் தேதிக்கு நான்கு நாள் கழித்துப் போய் நின்றது. கால்நடை மருத்துவமும் இப்படித்தான் கைநழுவும். மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நிரப்பப்படுபவை. நீட் முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் அந்த விண்ணப்பத் தேதி காத்திருக்காது. மதிப்பெண் குறைவு என்று தெரிந்தவர்கள் எல்லாக் கதவையும் தட்டி வைக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் சில ஆயிரம் போகும், போகட்டும்.

சான்றிதழ் விஷயத்தில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன், ஏனென்றால் இங்கே போகிற இடம் யார் கண்ணுக்கும் தெரியாமல் போகும். நம் கையில் இருக்கும் பி.சி. அல்லது எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மாநிலக் கவுன்சலிங்குக்குச் செல்லும். எம்.சி.சி.யில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கான 27 சதவீத ஓ.பி.சி. ஒதுக்கீடு 2021-லிருந்து இருக்கிறது. அதற்கு இந்தச் சான்றிதழ் உதவாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில், அதாவது வசதி படைத்த பிரிவில், வராதவர் என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாப் பெயரும் அதில் இல்லை. வருமான வரம்பு 8 லட்சம் என்று கேட்டதும், “அவருக்கு மாசம் எண்பதாயிரம் சம்பளம், நமக்கு வராது” என்று பலர் விண்ணப்பிப்பதே இல்லை. சம்பளமும் விவசாய வருமானமும் அந்த 8 லட்சக் கணக்கில் சேராது. பெற்றோரின் அரசுப் பதவி நிலைக்கு வேறு விதி உண்டு, அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்கா பெண்ணுக்கு இந்தச் சான்றிதழை முடிவு வந்த பிறகுதான் இ-சேவை மையத்தில் பதிந்தோம். அந்த வாரம் பார்த்து சர்வர் படுத்துக்கொண்டது. தாசில்தார் கையொப்பம் வந்து சேர்ந்தபோது பதிவு முடிய ஒரே நாள் மீதி. ஏப்ரலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இன்னொரு குழப்பம். 2020-ல் வந்த சட்டம் அது. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது, தனியார் கல்லூரி என்றாலும். பொதுப் போட்டியைவிட மிகக் குறைந்த மதிப்பெண்ணிலும் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. ஆறாவது ஏழாவது உதவி பெறும் பள்ளியில் படித்துவிட்டு, ‘பெயரில் அரசு இருக்கிறதே’ என்று விண்ணப்பித்து ஏமாந்தவர்கள் உண்டு. பழைய பள்ளிகளுக்கெல்லாம் போய்ப் படிப்புச் சான்று வாங்குவதற்குள் கால் தேய்ந்துவிடும், முன்கூட்டியே கிளம்புங்கள்.

கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது, கிடைக்கிற மாதிரி இருப்பதை மேலே போடுவது பெரிய பிழை. கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படித்து, உங்கள் ரேங்க்குக்கு முதலில் காலியாக இருப்பதைக் கொடுத்துவிடும். ஆசைப்பட்டதை மேலே போடுவதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. அதே நேரம், கிடைத்தால் போக மாட்டோம் என்று தெரிந்த கல்லூரியைப் பட்டியலில் போடவே கூடாது. எம்.சி.சி.யில் முதல் சுற்றில் கிடைத்ததை வேண்டாம் என்று விட்டுவிடலாம், அபராதமில்லை. இரண்டாம் சுற்றில் கிடைத்துச் சேராவிட்டால் வைப்புத்தொகை போய்விடும். நிகர்நிலைக்கு அது 2 லட்சம் ரூபாய். மூன்றாம் சுற்றில் சேர்ந்துவிட்டால் பிறகு வேறு கவுன்சலிங்குக்கு நகர முடியாது. சுற்றுகளின் விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன, அந்தந்த வருடக் கையேட்டைப் படித்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட பழைய ஸ்கிரீன்ஷாட்டை நம்பி அல்ல.

அப்புறம் அந்த ‘தெரிந்த ஆள்’. கவுன்சலிங்குக்கு வெளியே எம்.பி.பி.எஸ். இடம் என்று ஒன்று கிடையாது. மேனேஜ்மென்ட் இடமும் என்.ஆர்.ஐ. இடமும்கூட ரேங்க்படி கவுன்சலிங்கில்தான் நிரம்புகின்றன. “சீட்டை பிளாக் பண்ணி வெச்சிருக்கேன், அஞ்சு லட்சம் டோக்கன் கொடுங்க” என்று ஒருவர் சொன்னால் அவரிடம் இருப்பது சீட்டு இல்லை, உங்கள் பயம். நன்கொடை வசூலைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1992-லிருந்து இருக்கிறது. ரசீது இல்லாமல் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க எந்தக் காகிதமும் உங்களிடம் இருக்காது. நேர்வழியில் போனாலும் கணக்கு முழுசாகப் போட வேண்டும். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டுக்கு அண்மைக்காலத்தில் வருடம் நான்கரை லட்சத்தை ஒட்டியும், மேனேஜ்மென்ட் ஒதுக்கீட்டுக்குப் பதின்மூன்று லட்சத்துக்கு மேலும், பல நிகர்நிலைகளில் இருபது லட்சத்துக்கு மேலும் கட்டணம். இதோடு விடுதி, உணவு. முதல் வருடத்தை நகையை வைத்துக் கட்டிவிட்டு இரண்டாம் வருடம் திணறும் குடும்பங்கள் நிறைய. மருத்துவப் படிப்பில் பாதியில் நின்றால் கையில் எதுவும் மிஞ்சாது.

வெளிநாடு. இதில் தவறுகள் சின்னதாக இருப்பதில்லை. முதலில், நீட்டில் தகுதி பெறாமல் போகக் கூடாது. “இப்ப சேர்ந்துடுங்க, ரெண்டாவது வருஷம் வந்து நீட் எழுதிக் காட்டிக்கலாம்” என்று சொல்லும் ஏஜென்ட்டுகள் இன்னும் இருக்கிறார்கள். இந்தியாவில் தொழில் செய்ய நினைப்பவர்களுக்கு 2018 முதலே அந்தக் கதவு மூடியாயிற்று. உச்ச நீதிமன்றமும் 2025-ல் அந்த விதியை உறுதி செய்துவிட்டது. அடுத்தது ‘என்.எம்.சி. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம்’ என்ற விளம்பரம். என்.எம்.சி. என்பது தேசிய மருத்துவ ஆணையம். அப்படி ஒரு பட்டியலை என்.எம்.சி. வைத்திருப்பதில்லை. அது வைத்திருப்பது 2021-ல் கொண்டுவந்த நிபந்தனைகள்: படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கிலத்தில், அதன்மேல் அதே கல்வி நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, படித்த நாட்டிலேயே அந்நாட்டவருக்கு இணையாகத் தொழில் செய்யப் பதிவு கிடைக்க வேண்டும். திரும்பி வந்து தகுதித் தேர்வில் தேறி, இங்கேயும் 12 மாதப் பயிற்சி. சேர்ந்த நாளிலிருந்து பத்து வருடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். பிலிப்பைன்ஸில் பி.எஸ். எனும் முன்படிப்பை முடித்து, அங்கே எம்.பி.பி.எஸ். போன்ற அடிப்படை மருத்துவப் பட்டமான நான்கு வருட எம்.டி. என்ற முறையில் சேர்ந்தவர்கள் இந்த 54 மாதக் கணக்கில்தான் மாட்டினார்கள், எம்.டி. 48 மாதம், பி.எஸ்.ஸை மருத்துவப் படிப்பாக எண்ணுவதில்லை.

எஃப்.எம்.ஜி.இ. எனும் அந்தத் தகுதித் தேர்வில் 300-க்கு 150 வாங்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். 2024 ஜூனில் எழுதியவர்களில் தேறியவர்கள் ஐந்தில் ஒருவர்தான். வெளிநாடே வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றாகப் படித்துத் திரும்பி வந்து நல்ல மருத்துவரானவர்களை எனக்குத் தெரியும். ஏஜென்ட் காட்டும் கட்டடப் படத்தை விட்டுவிட்டு, அந்தக் கல்லூரியில் படித்து இந்தத் தேர்வை முடித்த இரண்டு தமிழ்ப் பிள்ளைகளிடம் போனில் பேசுங்கள். நோயாளியோடு எந்த மொழியில் பேசினீர்கள் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலே போதும்.

இன்னொரு முறை எழுதுவது. வயது உச்சவரம்பை 2022-ல் எடுத்துவிட்டார்கள், எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பில்லை. அதனாலேயே யோசிக்காமல் அடுத்த நாளே கோச்சிங்குக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். ஏன் குறைந்தது என்று தெரியாமல் அதே வகுப்பில் அதே பாடத்தை மறுபடி கேட்டால் அதே மதிப்பெண் மறுபடி வரும். விடைத்தாள் நகலும் இறுதி விடைக்குறிப்பும் கையில் இருக்கிறதே, உட்கார்ந்து எண்ணுங்கள்.

அக்கா பெண்ணோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் செய்தோம். சரியாக எழுதியது 115, அதற்கு 460. தவறு 48, கழிந்தது 48. விட்டது 17. அதுவரை வீடே இயற்பியலைத் திட்டிக்கொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் அந்த 48 தவறில் 21 உயிரியலில். பாதிக்குமேல் பாடப்புத்தகத்தில் வரிக்கு வரி இருக்கும் விஷயம். படித்தது, ஆனால் மேலோட்டமாக. கண்ணை மூடிக்கொண்டு நான்கில் ஒன்றை அடித்தால்கூட நீண்ட கணக்கில் நஷ்டம் வராது. அவளுக்கு நஷ்டம் வந்தது ‘இதுதான்’ என்று உறுதியாக நம்பி எழுதியதில். ஒரு தவறு சரியானால் 4 ஏறும், கழிந்த 1 திரும்பும். 21 ஐந்து 105. 412-ம் 105-ம் 517.

அவள் அந்தத் தாளை மடித்து உயிரியல் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். அக்கா எழுந்து போய் விளக்கைப் போட்டாள், மணி ஆறரை ஆகியிருந்தது. மறுநாள்தான் கோச்சிங் பற்றிப் பேசினோம். இயற்பியலுக்கு மட்டும் மாலை வகுப்பு, உயிரியல் வீட்டிலேயே, தினமும் முப்பது பக்கம், யாராவது ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்பது என்று முடிவானது. அந்த யாராவது ஒருவர் பெரும்பாலும் நான்தான். இப்போது எனக்கே தவளையின் இதயத்தில் எத்தனை அறைகள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வரும்.