ஆக்சலாட்டலுக்கு முதல் தொட்டி அமைத்தல்

மெக்சிகோ நகரின் தெற்கே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள சோச்சிமில்கோ ஏரியும் அதன் கால்வாய்களுமே ஆக்சலாட்டலின் தாயகம். மலைநாட்டுக் குளிர்நீருக்குப் பழகிய இந்த இருவாழ்வியை வளர்க்க விரும்புவோர், தொட்டியின் விலையை விசாரிப்பதற்கு முன்பே, ஆண்டு முழுவதும் நீரை 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க முடியுமா என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நீர் 24 டிகிரியைத் தாண்டினால் அது உணவை மறுக்கும். பூஞ்சைத் தொற்றும் எளிதில் பற்றிக்கொள்ளும். சென்னைக் கோடையில் அறைக்குள் இருக்கும் நீரே 30 டிகிரியைத் தொட்டுவிடும். நீர்ப்பரப்பின் மீது வைக்கும் சிறிய மின்விசிறி சில டிகிரிகளைக் குறைக்கலாம், ஆனால் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அது போதாது. பனிக்கட்டிகளைப் போடுவதால் வெப்பநிலை ஏறி இறங்கித் தீங்கே விளையும். எனவே சில்லர் எனும் நீர் குளிர்விக்கும் கருவியை வாங்க இயலாதவர்கள் இந்த ஆசையைத் தள்ளிப்போடுவதே அந்த உயிருக்குச் செய்யும் நன்மை என்று உறுதியாகச் சொல்வேன். மேலும், இது அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் எனும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள உயிரினம் என்பதால், இந்தியாவில் வளர்ப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

ஆக்சலாட்டல் பெரும்பாலும் நீருக்கடியில் தொட்டித் தரையில் நடந்து திரிவதால், தொட்டியின் உயரத்தைவிட அடிப்பரப்பே முக்கியம். மூன்றடி நீளமும், ஒன்றேகால் அடி அகலமும் உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 130 லிட்டர் கொள்ளும். ஓர் உயிருக்கு அது தாராளமாகப் போதும். சில வேளைகளில் இது துள்ளி வெளியே விழுந்துவிடும் என்பதால் மூடி அவசியம்.

தரையில் கூழாங்கற்களைப் பரப்பவே கூடாது. ஆக்சலாட்டல் இரையைக் கடித்துத் தின்பதில்லை. சட்டென வாயைத் திறந்து, எதிரே உள்ளதையெல்லாம் நீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். அப்படி உள்ளே போகும் கல் குடலை அடைத்து உயிரையே பறிக்கலாம். குட்டியாக இருக்கும்வரை வெறும் கண்ணாடித் தரையே நல்லது. 15 சென்டிமீட்டரைத் தாண்டிய பிறகு மிக நுண்ணிய மணலை மெல்லிய படலமாகப் பரப்பலாம். இதற்குக் கண்ணிமைகள் இல்லாததால் விளக்கு மங்கலாகவே இருக்கட்டும். ஒளிந்துகொள்ள கூர்முனைகளற்ற இரண்டு மறைவிடங்கள் வேண்டும். நீரோட்டம் வேகமாக இருந்தால் அது தாங்காது. ஏர் பம்பில் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இதற்கு மிகவும் ஏற்றது.

தொட்டியை நிரப்பியதும் உயிரை விட்டுவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரும் பிழை. அதன் கழிவிலிருந்து வரும் நச்சு அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் முதலில் பெருக வேண்டும். குளோரின் நீக்கிய நீரை நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவு வரும்படி அம்மோனியா சேர்த்து, நீர்ச்சோதனைக் கிட்டால் தொடர்ந்து அளந்துவர வேண்டும். ஃபில்டரில் பெருகும் பாக்டீரியாக்கள் முதலில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். இதற்குப் பொதுவாக நான்கு முதல் எட்டு வாரங்கள் ஆகும். வெதுவெதுப்பான நீரில் பாக்டீரியாக்கள் விரைவாகப் பெருகும் என்பதால் இக்காலத்தில் சில்லர் தேவையில்லை. சேர்த்த அம்மோனியா முழுவதும் 24 மணி நேரத்தில் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் மட்டும் தென்பட்டால் தொட்டி தயாராகிவிட்டது. பிறகு சில்லரை இயக்கி, குளிர்ந்த நிலையிலும் அதே முடிவு வருகிறதா என்று மறுபடி சோதித்து, நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்வரை நீரை மாற்றியபின் ஆக்சலாட்டலைக் கொண்டுவரலாம்.

உடன் மீன்களை விடாதீர்கள். அவை அதன் செவுள் இழைகளைக் கொறிக்கும். முதன்மை உணவு மண்புழுவே. வளர்ந்த ஆக்சலாட்டலுக்கு இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். எச்சங்களை அன்றன்றே அகற்றி, வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். செவுள்கள் முன்பக்கமாக வளைந்திருந்தாலோ, வால்நுனி கொக்கிபோல் மடங்கியிருந்தாலோ அது துன்பப்படுகிறது என்று பொருள்; உடனே வெப்பநிலையையும் அம்மோனியாவையும் அளந்து, நீரோட்டத்தையும் குறைத்துப் பாருங்கள்.