கிளை கொடுப்பதற்கு முன்: கடைப் பெயரை நாமே பதிவு செய்வது எப்படி?

"உங்க பேர்லயே தென்காசியில ஒரு கடை போட்டுக்கிடுதேன் அண்ணாச்சி" என்று யாராவது வந்து கேட்டால், முன்பணம் பேசுவதற்கு முன் அந்தப் பெயர் உங்களுடையதுதானா என்று பாருங்கள். எங்கள் பலகாரக் கடைக்கு இந்த வேலையை நானே உட்கார்ந்து முடித்தேன். முதல் தடவை செய்பவர்களுக்காக எழுதுகிறேன். ஜிஎஸ்டி எண், உணவு லைசென்ஸ், உத்யம் சான்றிதழ் (சிறு தொழில் என்று அரசு தரும் பதிவு) எல்லாம் ஏற்கெனவே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அவற்றில் கடைப் பெயர் அச்சாகியிருப்பதால் மட்டும் பெயர் சொந்தமாகிவிடாது. அதற்கு 1999-ஆம் ஆண்டின் டிரேட்மார்க் (வணிகச் சின்னம்) சட்டம் இருக்கிறது. பதிவு செய்யாத பெயருக்கும் கோர்ட்டில் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் நம் கடைக்கு நல்ல பெயர் இருந்ததையும், எதிராளியின் போர்டைப் பார்த்து ஜனங்கள் ஏமாறக்கூடும் என்பதையும் நாம்தான் நிரூபித்தாக வேண்டும்.

1. எந்தப் பெயர்?

'திருநெல்வேலி அல்வா' என்று பதிய முடியாது. ஊரையும் பண்டத்தையும் மட்டும் சொல்லும் பெயரை 9-ஆம் பிரிவு மறுக்கிறது. முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்து மொத்தமாகப் பதிந்தாலும், அதில் வரும் ஊர்ப் பெயருக்குத் தனி உரிமை கிடைக்காது. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடையை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெயரில் ஊரும் இல்லை, நெய்யும் இல்லை, ருசியும் இல்லை. அதுதான் அதன் பலம் என்பேன்.

பத்தமடைப் பாய், கோவில்பட்டி கடலை மிட்டாய் எல்லாம் பதிந்திருக்கிறார்களே என்று கேட்கலாம். அவை புவிசார் குறியீடு. அதற்குச் சட்டமே வேறு. அந்தப் பகுதியில் அந்தப் பொருளைச் செய்கிறவர்களுக்கு அது பொது, ஒரு கடைக்காரர் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

2. தேடல்

எனக்கு அதிக நேரம் போனது இங்கேதான். டிரேட்மார்க் பதிவுக்கான அரசுத் தளமான ஐபி இந்தியாவில் பொதுத் தேடல் இலவசம். அங்கே நம் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டித் தேட வேண்டும், சிக்கலும் அதில்தான். 'தாழம்பூ' என்று ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். தகரத்துக்கு ஒருவர் டி போடுவார், இன்னொருவர் டிஎச் போடுவார். அடுத்த நெடிலுக்கு ஒரு ஏ அல்லது இரண்டு. ழகரத்துக்கு இசட்எச் அல்லது வெறும் எல். பூ-வுக்கு யு அல்லது இரண்டு ஓ. ஆக 16 விதம். நம் எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடி 'யாரும் இல்லை' என்று சந்தோஷப்பட்டால், வேறு எழுத்துக்கூட்டலில் இன்னொரு தாழம்பூ உட்கார்ந்திருக்கும். மனுவைப் பார்க்கும் பதிவகப் பரிசோதகர் கண்ணுக்கு அது தப்பாது. எழுத்து மாறினாலும் சத்தம் ஒன்றாக இருந்தால் 11-ஆம் பிரிவில் ஆட்சேபம் வரும்.

நான் செய்தது: ஒரு நோட்டில் எல்லா எழுத்துக்கூட்டலையும் எழுதி ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். 'வேர்ட்மார்க்' தேடலோடு ஒலியை வைத்துத் தேடும் 'ஃபோனெட்டிக்' தேடலும் உண்டு, அதையும் விடாதீர்கள். பெயரின் பொருளை ஆங்கிலத்திலும் இந்தியிலும் தேடிப் பாருங்கள். எக்ஸெல் வேண்டாம், நோட்டே போதும்.

3. வகுப்பும் கட்டணமும்

பொருள்களும் சேவைகளுமாக மொத்தம் 45 வகுப்புகள். அல்வா, இனிப்பு எல்லாம் 30. உருளைக்கிழங்கு சிப்ஸ் 29. உட்கார்ந்து சாப்பிடும் கடை என்றால் 43. வகுப்புக்கு ஒரு கட்டணம்: ஆன்லைனில் தனிநபருக்கும், உத்யம் சான்றிதழ் உள்ள சிறு நிறுவனத்துக்கும் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. தமிழ்நாட்டுக்கான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது, போக வேண்டியதில்லை.

4. மனு

மனுவுக்கான படிவம் டிஎம்-ஏ. ஆன்லைனில் கையெழுத்துப் போட உதவும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை ஆடிட்டர் ஆபீஸில் சொன்னால் எடுத்துத் தருவார்கள். லோகோவைவிட முதலில் வெறும் பெயரைப் பதியுங்கள் என்பது என் கட்சி. லோகோ நாலு தீபாவளிக்கு ஒருமுறை மாறும், பெயர் மாறாது. தமிழ் எழுத்தில் பதிந்தால் அதன் உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ கூடவே கொடுக்க வேண்டும்.

பெயரை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்கும் இடத்தில், கடை பல வருடமாக நடக்கிறது என்றால் அந்தத் தேதியைப் போட்டு, பிரமாணப் பத்திரத்தோடு ஆதாரமும் இணையுங்கள். பழைய பில் புத்தகம், கடைப் பெயர் போட்ட காலண்டர், பத்திரிகை விளம்பரம் எதுவும் உதவும். பரணில் ஏறித் தேடுங்கள்.

உரிமையாளர் யார் என்ற கட்டத்தில் நிதானம் வேண்டும். நம் பக்கத்துக் கடைகள் பாதி அப்பா காலத்தவை. அண்ணன் தம்பி பங்குதாரர்களாக இருக்கும் கடைப் பெயரை ஒருவர் மட்டும் தன் பெயரில் பதிந்தால், நாளைக்கு எதிர் எதிரே இரண்டு போர்டு, இரண்டிலும் 'எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது' என்று எழுதியிருக்கும்.

5. காத்திருப்பு

ஆட்சேப அறிக்கை வந்தால் 30 நாளுக்குள் பதில் போட வேண்டும். மெயிலை வாரம் ஒருமுறையாவது பாருங்கள். பதிவகம் ஒத்துக்கொண்டால் அவர்களுடைய டிரேட்மார்க் ஜர்னலில் (இதழில்) பெயர் வெளியாகும், அதன்பின் 4 மாதம் யாரும் எதிர்ப்பு தெரிவிக்கலாம். பதிவானால் 10 வருடம், அப்புறம் பத்துப் பத்து வருடமாகப் புதுப்பிக்கலாம். பதிவாகும் வரை போர்டில் பெயர் பக்கத்தில் டிஎம் மட்டும் போடுங்கள். வட்டத்துக்குள் ஆர் என்பது பதிவான பெயருக்கு மட்டும், அதை முன்கூட்டியே போட்டால் தண்டம் கட்ட நேரும்.

6. ஒப்பந்தம்

நம் பெயரில் இன்னொருவர் கிளை நடத்துவதைத்தான் ஃபிரான்சைஸ் என்கிறார்கள். இந்தியாவில் அதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும், நீங்கள் எழுதிக்கொள்வதும்தான் எல்லாம். அதனால் நெட்டில் கிடைக்கும் அமெரிக்க மாதிரியை அப்படியே இறக்காதீர்கள். குறிப்பாக ஒரு வரி: 'ஒப்பந்தம் முடிந்தபின் 5 வருடம் இனிப்புக் கடை வைக்கக் கூடாது.' 27-ஆம் பிரிவின்படி அது செல்லாது. ஒப்பந்தம் ஓடும்போது போட்டிக் கடை கூடாது என்று எழுதலாம். முடிந்தபின் நம் பெயரைத் தொடக்கூடாது என்பதையும் எழுதலாம்.

சரக்கு இங்கிருந்து போகுமா, அங்கேயே கிண்டுவதா? இதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். தாமிரபரணித் தண்ணீரில்தான் ருசி என்று ஊரே சொல்கிறபோது, அங்கே கிண்டி ருசி மாறினால் கெடுவது நம் பெயர். அங்கேயே கிண்டுவதாக இருந்தால் பக்குவம் வெளியே போகும். தொழில் ரகசியத்துக்கும் நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை, ஆகவே ரகசியம் காக்கும் உறுதிமொழியை மாஸ்டரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பெயரைப் பயன்படுத்த அவர் நமக்குக் கட்டும் ராயல்டிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு, பேசிய தொகை அது சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் போடுங்கள். கடைசி வாசிப்பை மட்டும் ஒரு வக்கீலிடம் கொடுங்கள், அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பின்னால் சேர்த்தது: பாவூர்சத்திரத்திலிருந்து ஒருவர், பதிவு வரும் முன்னே கிளை கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். தடை இல்லை. 'மனு நிலுவையில் உள்ளது' என்று மனு எண்ணோடு ஒப்பந்தத்தில் எழுதி, மறுக்கப்பட்டால் என்ன செய்வது என்பதையும் சேர்க்க வேண்டும். கிளைக்கு நம் உணவு லைசென்ஸ் செல்லாது, அந்த இடத்துக்கு அவர் தனியாக எடுக்க வேண்டும்.

இன்னொன்று: கிளையை மூடியபின்னும் கூகுள் மேப்பில் கடை தெரிகிறது, ஸ்விக்கியில் ஆர்டர் போகிறது, நம் டப்பாவில் அச்சடித்த போன் நம்பர் கிளைக்காரர் கையில் இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். இவற்றையெல்லாம் ஆரம்பத்திலேயே உங்கள் மெயில் ஐடியில், உங்கள் சிம்மில் தொடங்கி, நடத்தும் அனுமதியை மட்டும் அவருக்குக் கொடுங்கள். மீதியிருக்கும் டப்பாக்களை எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் வரட்டும்.