கிடுகு வேய்வது போலத்தான் ஹாண்டில் டேப்பும்

என்னுடைய வளைந்த ஹாண்டில் சைக்கிளுக்கு முதன்முதலில் டேப் சுற்றியபோது, மேலே நடுவிலிருந்து தொடங்கிக் கீழ்நுனிக்குக் கொண்டுபோனேன். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஒரு மாதம் போகவில்லை, ஒவ்வொரு சுற்றின் விளிம்பும் சுருண்டுவிட்டது. அந்த இடுக்கெல்லாம் வியர்வையும் கிரவல் புழுதியும் அப்பி, பிடித்தால் உள்ளங்கை சிவக்கும். முற்றத்தில் நின்ற சைக்கிளைப் பார்த்துப் பெரியப்பா சிரித்தார்.

"முகட்டில இருந்து கீழ வேய்ஞ்சுகொண்டு வாற ஆளை இப்பதான் பாக்கிறன் தம்பி."

அவர் சைக்கிளுக்கு டேப் சுற்றியவர் இல்லை, கிடுகு வேய்ந்தவர். ஆனால் விசயம் ஒன்றுதான். தாவாரத்தில் தொடங்கி முகட்டுக்கு ஏறினால்தான் மேல்கிடுகு கீழ்க்கிடுகின் தலையை மூடும். டேப்பையும் கீழ்நுனியிலிருந்து மேலே ஏற்றினால், கை கீழே வழுக்கும்போது விளிம்பில் தடக்காது.

முறிகண்டிப் பக்கமிருந்து ஏ-9 வீதியால் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய் வருகிறவன் நான். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பின்னேரம் தெற்கே திரும்பி வருவதென்றால் எதிர்காற்றுத்தான். குனிந்து கீழ்ப்பிடியைப் பிடித்தபடி உழக்க வேண்டும். அதனால் எனக்கு அந்த இடம்தான் முதலில் தேயும்.

டேப் பெட்டியில் இரண்டு சுருளும் நுனிக்கு இரண்டு மூடியும் இருக்கும். பெரும்பாலும் இரண்டு சிறு துண்டுகளும் வரும். இவை போக இன்சுலேஷன் டேப், கத்தரிக்கோல், பழைய சாரத்துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய் எடுத்து வையுங்கள்.

பிரேக் பிடியின் ரப்பர் உறையை முன்பக்கமாக மடித்துவிட்டுப் பழைய டேப்பை உரியுங்கள். பசை மிஞ்சியிருந்தால் துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்க்கலாம். ரப்பர் உறையில் மட்டும் படவிடாதீர்கள், ஊதிப் பழுதாகிவிடும். அப்புறம் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். எண்ணெய் மிஞ்சினால் புதுப் பசை பிடிக்காது.

இப்போது வெறும் குழாயை ஆறுதலாகப் பாருங்கள். அலுமினிய ஹாண்டில் என்றால் வியர்வையின் உப்பு டேப்புக்கு உள்ளேயே அதை அரித்துக்கொண்டிருக்கும். வெள்ளைப் பொடி மேலோட்டமாக இருந்தால் துடைத்துவிடலாம். குழி விழுந்திருந்தாலோ, மயிர் போல ஒரு கீறல் தெரிந்தாலோ டேப்பை எடுத்து வைத்துவிட்டு ஹாண்டிலை மாற்றுங்கள். ஓடும்போது முறிந்தால் பல்லுத்தான் போகும். பிரேக் கேபிள் ஹாண்டிலோடு ஒட்டிப் போகிறதென்றால் அதை இரண்டு மூன்று இடத்தில் இன்சுலேஷன் டேப்பால் கட்டிவிடுங்கள்.

கையைக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள். முதல் சுற்றில் டேப்பின் பாதி அகலம் நுனிக்கு வெளியே நிற்கட்டும், கடைசியில் அதை உள்ளே மடித்து மூடியால் அடைக்கலாம். சீற்றில் இருந்து பார்த்தால் வலப்பக்கம் கடிகார முள் போகிற திசையில், இடப்பக்கம் அதற்கு எதிராகச் சுற்ற வேண்டும். கீழ்ப்பிடியில் கை வெளிப்பக்கமாகத்தான் முறுகும், அந்த முறுக்கலில் டேப் இன்னும் இறுகிக்கொள்ளும்.

ஒவ்வொரு சுற்றும் முந்தியதன் மூன்றிலொரு பங்கையாவது மூட வேண்டும். இழுவைதான் இதில் பழக வேண்டியது. டேப் லேசாக மெலிவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆனால் வெளிறக் கூடாது. வெளிறினால் அடுத்த இழுவையில் அறுந்துவிடும். வளைவில் உட்பக்கம் டேப் குவியும், வெளிப்பக்கம் வாய் பிளக்கும். அந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாக இழுத்து, கூடுதலாக மூடுங்கள். குழாய் தெரிந்தால் அவிழ்த்துத் திருப்பிச் சுற்றுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் கடைசிவரை கண்ணை உறுத்தும்.

பிரேக் பிடியில் பலர் தடுமாறுவார்கள். பெட்டியில் வந்த சிறு துண்டை, இல்லையென்றால் பழைய டேப்பில் ஒரு விரல் நீளத் துண்டை, பிடியை ஹாண்டிலோடு இறுக்கும் வளையத்துக்குப் பின்னால் முதலே ஒட்டிவிடுங்கள். பிடிக்குக் கீழே ஒரு சுற்று, பிறகு மேலே தாண்டி ஒரு சுற்று. நடுவில் வரும் இடைவெளியைத் துண்டும் ரப்பர் உறையும் மறைத்துவிடும்.

நடுவுக்குக் கிட்ட வந்ததும், சுற்று நேர்க்கோட்டில் முடியும்படி டேப்பைச் சரிவாக வெட்டுங்கள். அதன் மேல் இன்சுலேஷன் டேப் மூன்று சுற்று போதும். வெட்டுவாய் ஹாண்டிலின் அடிப்பக்கம் வரட்டும்.

மூடியை உள்ளங்கையால் அடித்து இறுக்குங்கள். அது தொலைந்துவிட்டால் பழைய ரப்பர் செருப்பின் குதியை வட்டமாக வெட்டிச் செருகலாம். திறந்த குழாயோடு மட்டும் ஓடாதீர்கள், விழுந்தால் அது தொடையில் வட்டமாக வெட்டி எடுத்துவிடும்.

மற்றப் பக்கமும் இதே வேலைதான், திசை மட்டும் மாறும். இரண்டாவதாகச் சுற்றுகிற பக்கம் எப்போதும் வடிவாக வரும். அதனால் நான் இடப்பக்கத்தை முதலில் முடிப்பேன், போட்டோவை வலப்பக்கம் நின்று எடுப்பேன்.