லூப்புக்குள் இஃப் எழுதும்போது எங்கே கவனிக்க வேண்டும்

இஃப் தெரியும், வைல் லூப்பும் தெரியும், ஆனால் இரண்டையும் சேர்த்து எழுதினால் ப்ரோக்ராம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிஜமாக நடந்த ஒரு தப்பை வைத்துப் பார்த்தால் சட்டென்று பிடிபடும்.

மைக்ரோசாஃப்ட் 2006-இல் சூன் என்று ஒரு மியூசிக் பிளேயர் விற்றது. 2008 டிசம்பர் 31 அன்று அதன் 30 ஜிபி மாடலை ஆன் செய்தவர்களுக்குத் திரை அப்படியே உறைந்து நின்றது. காரணம், நாள் கணக்கிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிக்கும் ஒரு சின்ன லூப். 1980 ஜனவரி 1-இலிருந்து எத்தனையாவது நாள் என்ற எண்ணை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டாகக் கழித்துக்கொண்டே வரும். பைத்தான் என்ற ப்ரோக்ராமிங் மொழியின் பாணியில் எழுதினால் இப்படி இருக்கும் (லீப்(ஆண்டு) என்பது அது லீப் ஆண்டா என்று சொல்லும் ஃபங்க்ஷன்; கீவேர்டுகளை மட்டும் நீங்கள் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும், 'நாள்', 'ஆண்டு' போன்ற பெயர்களைப் பைத்தான் 3 தமிழிலேயே ஏற்றுக்கொள்ளும்):

வைல் நாள் > 365:
    இஃப் லீப்(ஆண்டு):
        இஃப் நாள் > 366:
            நாள் = நாள் - 366
            ஆண்டு = ஆண்டு + 1
    எல்ஸ்:
        நாள் = நாள் - 365
        ஆண்டு = ஆண்டு + 1

இப்போது ஒரு பேப்பரை எடுத்து, ஆண்டு 2008, நாள் 366 என்று வைத்து (முந்தைய ஆண்டுகளையெல்லாம் கழித்தபின் டிசம்பர் 31-க்கு மிஞ்சுவது இதுதான்) நீங்களே வரி வரியாக ஓட்டிப் பாருங்கள். 366 என்பது 365-ஐ விடப் பெரியது, உள்ளே போகிறோம். லீப் ஆண்டுதான், இன்னும் உள்ளே போகிறோம். 366-ஐ விடப் பெரியதா? இல்லை. சரி, அப்போது என்ன செய்வது? அதற்கு அங்கே எல்ஸ் எழுதப்படவே இல்லை, அதனால் எதுவும் மாறாமல் மறுபடி மேலே போய் அதே கேள்விகளையே கேட்டுக்கொண்டிருக்கிறது. மறுநாள் எண் 367 ஆனதும் கழித்தல் நடந்து லூப் முடிந்துவிடும். பேட்டரியைத் தீரவிட்டு ஜனவரி 1 அன்று ஆன் செய்யுங்கள் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னதே போதுமானதாக இருந்தது அதனால்தான்.

திருத்தம் இரண்டே வரி: உள் இஃப்புக்கு நேராக ஓர் எல்ஸ், அதற்குள் பிரேக் (லூப்பை விட்டு உடனே வெளியேறச் சொல்லும் கட்டளை).

ஆக, வைல் எழுதியதும் அதன் கண்டிஷனில் இருக்கும் மாறியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் ஒவ்வோர் இஃப் கிளையிலும் ஒன்று அது மாறுகிறதா, இல்லை பிரேக் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத கிளைதான் மாட்டிவிடும். எல்லையில் இருக்கும் எண்களை (இங்கே 365, 366, 367) கொடுத்துச் சோதியுங்கள். புரியாவிட்டால் லூப்பின் முதல் வரியில் ஒரு பிரிண்ட் போடுங்கள், ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் கண்ட்ரோல் சி அழுத்தி நிறுத்திவிடலாம்.

எத்தனை சுற்று என்று முன்பே தெரிந்தால் வைல் வேண்டாம், ஃபார் போதும். பயிற்சிக்கு அந்த லீப் ஃபங்க்ஷனை நீங்களே எழுதுங்கள்: 400-ஆல் வகுபட்டால் லீப், இல்லாமல் 100-ஆல் வகுபட்டால் இல்லை, அதுவும் இல்லாமல் 4-ஆல் வகுபட்டால் லீப். இதே வரிசையில் கேட்க வேண்டும், 4-ஐ முதலில் கேட்டால் 1900-ம் லீப் ஆகிவிடும். பிறகு ரேஞ்ச்(1896, 2005) என்று ஃபார் ஓட்டி எத்தனை லீப் ஆண்டுகள் என்று எண்ணுங்கள். 27 வர வேண்டும். 28 வந்தால் 1900 உள்ளே புகுந்திருக்கிறது. 26 வந்தால் 2000 விடுபட்டிருக்கும், இல்லையென்றால் ரேஞ்ச்சில் 2005-க்குப் பதில் 2004 என்று முடித்திருப்பீர்கள், கடைசி எண்ணை அது சேர்த்துக்கொள்ளாது.