விமானப்படை பைலட் ஆகணுமா? கோச்சிங் சேருவதற்கு முன் கண்ணையும் காலையும் அளந்துவிடுங்கள்

"அத்தை, போர்டு கொஞ்ச நாளா மங்கலாத் தெரியுது" என்று என் அண்ணன் மகன் சொன்னபோது பிளஸ் டூ பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. என்டிஏ, அதாவது பிளஸ் டூ முடித்ததும் முப்படை அதிகாரிப் பயிற்சிக்குப் போகிற தேசிய பாதுகாப்பு அகாடமித் தேர்வு, அதன் கோச்சிங்குக்கு ஒன்றரை வருஷம் பணம் கட்டியாகிவிட்டது. என் கண்ணாடிக் கடை நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தேன். வலது கண் மைனஸ் 0.75, இடது கண் மைனஸ் 1. விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கு என்டிஏ வழியாகப் போகிற பிள்ளைக்கு அந்த மைனஸ் கூடவே கூடாது. "வேற லென்ஸ் போட்டுப் பாருங்க அத்தை" என்றான். மாற்றி மாற்றிப் போட்டேன். அதேதான் வந்தது.

சேலம் அஸ்தம்பட்டியில் 19 வருஷமாக ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறேன். வீட்டுப் பிள்ளையை ஒருநாள் உட்கார வைத்துப் பார்க்கவில்லை. அவன் சேர்ந்த கோச்சிங் சென்டரிலும் கண்ணைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்றிலிருந்து பைலட் ஆசையோடு யார் வந்தாலும் இதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்கிறேன்.

எல்லோரும் போகிற வரிசை கோச்சிங், எழுத்துத் தேர்வு, நேர்முகம், கடைசியில் மெடிக்கல். நீங்கள் அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். ஒன்பதாவது, பத்தாவது படிக்கும்போதே உடம்பை அளந்துவிடுங்கள்.

முதலில் கண். கண்ணாடி இல்லாமல் ஒரு கண்ணில் 6/6, மற்றதில் குறைந்தது 6/9 தெரிய வேண்டும். அந்த 6/9 கண்ணில் சிறிய பிளஸ் பவர் இருந்து, லென்ஸ் போட்டால் 6/6 வந்தால் ஏற்றுக்கொள்வார்கள். மைனஸ் என்றால் இல்லை. 6/6 என்பது ஆறு மீட்டர் தூரத்திலிருந்து ஒன்பது மில்லிமீட்டர் கூட இல்லாத எழுத்தைப் படிப்பது. சின்னக் கடைகளில் ஆறு மீட்டர் இடம் இருக்காது, கண்ணாடியில் பிரதிபலிக்க வைத்து மூன்று மீட்டரில் பார்ப்போம். அதில் தப்பில்லை. ஆனால் பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கிறதா என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். சுருக்கினால் மங்கலும் கூர்மையாகிவிடும், சோதனை பொய்யாகிவிடும்.

கூடவே இஷிஹாரா புத்தகத்தையும் காட்டச் சொல்லுங்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகம் அது. ஐந்து நிமிஷம்கூட ஆகாது. சிவப்பு பச்சை குழப்பம் ஆண் பிள்ளைகளுக்கே அதிகம், அம்மா வழியாக வருவது. அம்மாவுக்கு எந்தக் குறையும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. இதற்கு மருந்தோ பயிற்சியோ கிடையாது என்பதால் முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

கண் பவரைப் போக்கும் லேசர் பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. என்டிஏ வயதில் லேசர் செய்துகொண்டு போனால் பறக்கும் பிரிவுக்கு எடுக்க மாட்டார்கள். பட்டப்படிப்பு முடித்துப் போகிற வழியில் நிபந்தனைகளோடு ஏற்கிறார்கள். 20 வயதுக்கு முன்னால் செய்திருக்கக் கூடாது, செய்து 12 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். என் அண்ணன் மகன் இப்போது இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், அந்த வழியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் பவர் இன்னும் நிற்கவில்லை, அதனால் நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தினமும் வெயில் வெளிச்சத்தில் வெளியே விளையாடுகிற பிள்ளைக்கு மைனஸ் பவர் வருவது குறைகிறது, தள்ளிப்போகிறது. மாலை டியூஷனை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டு மைதானத்துக்கு அனுப்புங்கள்.

அடுத்தது உயரமும் காலும். உயரம் குறைந்தது 162.5 சென்டிமீட்டர், ஆணுக்கும் பெண்ணுக்கும் அதேதான். அதோடு முடியாது. தரையில் சுவரோடு முதுகும் இடுப்பும் ஒட்ட உட்கார வையுங்கள், காலை நேராக நீட்டச் சொல்லுங்கள். சுவரிலிருந்து குதிகால் வரை 99 முதல் 120 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார வைத்து இடுப்பின் பின்புறத்திலிருந்து முட்டி வரை அளந்தால் 64 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. உட்கார்ந்த நிலையில் இருக்கையிலிருந்து உச்சந்தலை வரை 81.5 முதல் 96. கால் குட்டையாக இருந்தால் பெடல் எட்டாது. தொடை நீளமாக இருந்தால் அவசரத்தில் இருக்கையோடு வெளியே பாயும்போது முட்டி முன்பலகையில் இடிக்கும். தையல்காரர் டேப் பழசானால் நீண்டுவிடும், இரும்பு டேப் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிளஸ் ஒன் குரூப்பில்தான் நம் ஊரில் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். விமானப்படைக்கு என்டிஏ எழுத இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் பிளஸ் டூவில் இருக்க வேண்டும். பயாலஜி மேத்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் மூன்றும் வந்துவிடும். நீட் எழுதலாம் என்று கணிதத்தை விட்டுவிட்டு பியூர் சயின்ஸ் எடுத்த பிள்ளைக்கு இந்தக் கதவு அங்கேயே மூடிவிடும்.

வழிகள் முக்கியமாக மூன்று. என்டிஏ பயிற்சி தொடங்கும்போது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை வயதுக்குள் இருக்க வேண்டும். பிளஸ் டூ படித்துக்கொண்டே எழுதலாம், வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கும். கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொதுத்தாளுக்கு 600. கேள்வித்தாள் இங்கிலீஷிலும் இந்தியிலும்தான் வரும், தமிழ் மீடியம் பிள்ளைகள் கணிதச் சொற்களை இங்கிலீஷில் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். 2022 முதல் பெண் பிள்ளைகளும் என்டிஏவில் சேர்கிறார்கள். பட்டப்படிப்புக்குப் பிறகு முப்படைக்கும் பொதுவான சிடிஎஸ், விமானப்படையே நடத்தும் ஏஎஃப்கேட் என்று இரண்டு தேர்வுகள் உண்டு. பறக்கும் பிரிவுக்கு 20 முதல் 24 வயது, கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் இருந்தால் 26 வரை. ஏஎஃப்கேட் வழிக்குப் பிளஸ் டூ கணிதத்திலும் இயற்பியலிலும் தனித்தனியாக 50 சதவீதம் வேண்டும், பட்டத்தில் 60. எந்த வழியானாலும் 25 வயதுக்குக் கீழே இருந்தால் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது.

எழுத்துத் தேர்வில் தேறினால் அடுத்து விமானப்படைத் தேர்வு வாரியத்துக்கு அழைப்பார்கள். நம் ஊருக்குப் பக்கம் மைசூருதான், பெங்களூரு வழியாக ரயிலில் போகலாம். முதல் நாளே ஒரு வடிகட்டல் இருக்கும், நிறையப் பேர் மதியமே பெட்டியோடு திரும்புவார்கள். தங்குகிறவர்களுக்கு மனோதத்துவத் தேர்வு, குழு வேலைகள், நேர்முகம். 1.6 கிலோமீட்டரை 10 நிமிஷத்தில் ஓட, 10 தண்டால், 3 புல்லப்ஸ் எடுக்கத் தயாராக வரச் சொல்வார்கள். ஏற்காடு அடிவாரத்தில் காலையில் ஓடுகிற பிள்ளைக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

பயப்பட வேண்டியது சிபிஎஸ்எஸ் என்கிற கம்ப்யூட்டர் தேர்வுக்கு. விமானத்தின் மீட்டர்களைப் படிப்பது, கையில் ஸ்டிக், காலில் பெடல் என்று இரண்டையும் சேர்த்து இயக்குவது எல்லாம் அதில் வரும். வாழ்நாளில் ஒரே முறைதான். அதில் தவறினால் பறக்கும் பிரிவுக்கு மறுபடி வாய்ப்பே கிடையாது. அதனால் "சும்மா ஒருமுறை எழுதிப் பார்க்கலாம்" என்று யாரையும் அனுப்பாதீர்கள். உயரம் காட்டும் மீட்டரில் சின்ன முள், பெரிய முள் எதைச் சொல்கிறது என்று படம் வைத்துப் பழகுங்கள். முந்தின இரவு போனை அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.

அதற்குப் பிறகுதான் பெங்களூரு விமான மருத்துவ நிலையத்திலோ டெல்லியிலோ மெடிக்கல். முதுகெலும்பு எக்ஸ்ரே கட்டாயம் எடுப்பார்கள். காது அழுக்கையும் சொத்தைப் பல்லையும் இங்கேயே சரிசெய்துகொண்டு போங்கள். பச்சை குத்துகிற ஆசையைத் தள்ளிப் போடுங்கள், முன்கையின் உட்பக்கத்தையும் புறங்கையையும் தவிர வேறெங்கும் பொதுவாக அனுமதி இல்லை.

சான்றிதழ் விஷயத்தில் நம்மவர்களுக்கு இனிஷியல்தான் தலைவலி. பத்தாவது சான்றிதழில் ஓர் எழுத்து, ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர் என்று இருந்தால் இப்போதே ஒன்றாக்குங்கள். பத்தாவது சான்றிதழில் உள்ள பெயரும் பிறந்த தேதியும்தான் எல்லா இடத்திலும் செல்லும்.

போன வாரம் ஏற்காட்டிலிருந்து ஒரு பொண்ணு வந்தாள், பத்தாவது படிக்கிறாள். அப்பா காப்பித் தோட்டத்தில் வேலை. கடையைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார வைத்து அளந்தேன். கால் 100.4, உயரம் 161. வளர இன்னும் வயசிருக்கு. இரண்டு கண்ணும் 6/6, புள்ளிப் புத்தகத்தைத் தடுமாறாமல் படித்தாள். ஆனாலும் அவளைக் கண் டாக்டரிடம் அனுப்பியிருக்கிறேன். இந்த வயதில் கண்ணின் தசை வேலை செய்து பவரை மறைக்கும், சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். உங்கள் பிள்ளைக்கும் அப்படியே செய்யுங்கள். சொட்டு விட்ட பிறகு பல மணி நேரம் பக்கத்தில் இருப்பது மங்கும், வெளிச்சம் கூசும். அதனால் பைக்கில் கூட்டிப் போனால் திரும்பும்போது பிள்ளையிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அந்த அப்பாவிடமும் அதைத்தான் சொன்னேன். இருபது கொண்டை ஊசி வளைவுக்குப் பஸ்ஸே போதும், ஜன்னலோரம் வேண்டாம், ஒரு தொப்பி எடுத்துக்கொண்டு வாங்க என்று.