உத்யம் பதிவு நாமளே போடலாம், தொழில் கோட்ல மட்டும் கோட்டை விட்றாதீங்க

உத்யம்ங்கிறது சிறு தொழில்களுக்கான அரசாங்கப் பதிவு. நான் துணிப்பை தைச்சு கடைகளுக்குப் போடுறேன். ஒரு கஸ்டமர் நாலு மாசமா காசு தரல, போய்க் கேட்டா "உங்க உத்யம் சர்டிபிகேட்ல டிரேடிங்னுல்ல இருக்கு, 45 நாள் கணக்கெல்லாம் உங்களுக்கு வராது"ன்னுட்டாங்க (அதாவது சரக்கு வாங்கினவங்க 45 நாளுக்குள்ள காசு தந்துடணும்ங்கிற சட்டம்). எடுத்துப் பாத்தா நெசம்தான், போட்டதே நான்தான், யாரைச் சொல்றது!

தொழிலை மைக்ரோ (குறு), ஸ்மால் (சிறு)னு பிரிக்கிற வரம்பும் இப்ப மாறிடுச்சு. 2025 ஏப்ரல் 1-லேந்து மைக்ரோன்னா மெஷின் முதலீடு 2.5 கோடி, டர்ன்ஓவர் 10 கோடி வரைக்கும் (முன்னாடி 1 கோடி, 5 கோடி). ஸ்மால்னா 25 கோடி, 100 கோடி. ரெண்டுல ஒண்ணு தாண்டினாலே மேல் வகைக்குப் போயிடுவீங்க.

1. அரசாங்க சைட்டுக்கு மட்டும் போங்க, முகவரி கவ் டாட் இன்-னு முடியணும். பைசா கெடையாது. கூகுள்ல மேல வர்ற விளம்பர சைட்டுங்க அதே மாதிரி டிசைன் பண்ணி ஃபீஸ் கேக்கும், ஏமாந்துடாதீங்க. போன்ல போடாதீங்க, லேப்டாப்தான் வசதி.

2. ஆதார் நம்பர், ஆதார்ல இருக்கிற மாதிரியே பேரு, ஓடிபி. பழைய சிம் நம்பர் ஆதார்ல இருந்தா மொதல்ல அதை மாத்திட்டு வாங்க.

3. பேன், ஜிஎஸ்டி, அட்ரஸ், பேங்க் விவரம், ஆள் எண்ணிக்கை. இதுல ஒண்ணும் இல்ல, கேக்கறதைப் போடுங்க.

4. இங்கதான் நான் விழுந்தது. தொழில் எதுன்னு கேட்டு என்ஐசி கோட் (ஒவ்வொரு தொழில் வகைக்கும் அரசாங்கம் குடுத்திருக்கிற நம்பர்) எடுக்கச் சொல்லும். நான் "விக்கிறோம்ல"ன்னு நெனச்சு 47-ல ஆரம்பிக்கிற சில்லறை வியாபாரத்தை எடுத்துட்டேன். 46 மொத்த வியாபாரம், 47 சில்லறை, இது ரெண்டுலயும் பதிவு பண்ணா பேங்க் லோன்ல முன்னுரிமை மட்டும்தான், லேட்டா பணம் தந்தா வட்டி கேக்குற உரிமை வராது. தைக்கிறவங்க, செய்யிறவங்க உற்பத்தியைத்தான் எடுக்கணும், துணிப்பைக்கு 13-ல ஆரம்பிக்கும். அதுக்குன்னு வாங்கி விக்கிறவங்க உற்பத்தின்னு பொய் போடாதீங்க, பின்னாடி மாட்டும்.

5. கடைசி ஓடிபி, சர்டிபிகேட் டவுன்லோட். நம்பரை பில்லுலயே அச்சடிச்சுடுங்க, அப்பத்தான் வாங்குறவங்களுக்கு நீங்க யாருன்னு தெரியும்.

வாங்குனவங்க காசு தர வேண்டிய கெடு இதுதான்: எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதுல போட்ட தேதி, எப்படியும் 45 நாளுக்கு மேல போகக்கூடாது. ஒப்பந்தமே இல்லன்னா 15 நாள்தான். மைக்ரோ, ஸ்மாலுக்குத் தர வேண்டியதை கெடு தாண்டி இழுத்தடிச்சு அந்த வருஷத்துக்குள்ள தரலன்னா, அந்த வருஷ வருமான வரிக் கணக்குல அவங்க அதைச் செலவா கழிக்க முடியாது, பழைய வருமான வரிச் சட்டத்துல இது 43பி(எச்) பிரிவு. 2026 ஏப்ரல் 1-லேந்து புது வருமான வரிச் சட்டம், அதுல பிரிவு நம்பர் வேற, ஆடிட்டர்கிட்ட புது நம்பரைக் கேட்டு வச்சுக்குங்க.

அப்டேட்: ஏற்கெனவே தப்பா போட்டாச்சு, புதுசா போடலாமான்னு நெறைய பேர் கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. வேணாம், ஒரு தொழிலுக்கு ஒரு பதிவுதான். அதே சைட்ல அப்டேட் பண்ற இடத்துல உத்யம் நம்பரும் ஓடிபியும் போட்டு கோடை மாத்துங்க. நானும் அப்படித்தான் மாத்தினேன், ஆனா பழைய பில்லுக்கான காசுக்கு இன்னும் நடந்துக்கிட்டுதான் இருக்கேன்.