மந்தநிலையில் குழந்தைக் காப்பகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் சின்னச் சின்னத் தொழில்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். அதில் மூன்று குழந்தைக் காப்பகங்களும் உண்டு. கடைவீதியில் வியாபாரம் டல் என்று பேச்சுக் கிளம்பினால் போதும், அந்த மூன்றில் ஒன்றிலிருந்து போன் வந்துவிடும்: "சார், இது தாங்குமா, இல்ல இப்பவே இழுத்து மூடிடலாமா?"

பெரும்பாலும் தாங்கும். ஆனால் "குழந்தை பிறப்பது நிற்காது, அம்மாக்கள் வேலைக்குப் போவதும் நிற்காது, அதனால் நமக்கு மந்தம் கிடையாது" என்று உட்கார்ந்திருப்பதுதான் முதல் தவறு. தேவை நிற்காது, சரி. காசு நின்றுவிடும். 1930களின் பெருமந்தத்தில் அமெரிக்காவில் அதுதான் நடந்தது. 1933இல் அங்கே அரசே செலவு செய்து அவசர மழலையர் பள்ளிகளைத் திறந்தது. வேலை இழந்த ஆசிரியர்களுக்குச் சம்பளம் கிடைக்க வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். கொரோனாவுக்குப் பிறகு 2021இலும் காப்பகங்கள் மூடாமல் இருக்க அந்த அரசு 2,400 கோடி டாலர் ஒதுக்கியது. நம் ஊரில் அப்படி ஒரு கை வரும் என்று நம்பி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது.

அடுத்தது, போட்டி யார் என்று தெரியாமல் இருப்பது. எதிர்த் தெருவில் புதிதாகத் திறந்த பிளே ஸ்கூலைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். கெட்ட காலத்தில் உண்மையான போட்டி பாட்டிதான். அப்பாவுக்கு வேலை போனால் குழந்தை வீட்டில் நின்றுவிடும், இல்லாவிட்டால் ஆத்தூர்ப் பக்கம் அம்மாயி வீட்டுக்குப் போய்விடும். அதே நேரம், வீட்டு வருமானம் குறைந்ததால் முதல்முறையாகத் துணிக்கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகள் வரத் தொடங்கும். போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்குக் கையில் காசு குறைவு, வேலை நேரமும் வேறு. ஒன்பதிலிருந்து ஐந்து வரைதான் என்று கேட்டைப் பூட்டினால் அவர்கள் உள்ளேயே வரமாட்டார்கள். அங்கன்வாடி 1975 முதல் இலவசமாக நடக்கிறது, மதியச் சாப்பாடும் உண்டு. அதனோடு விலையில் மோதவே முடியாது. ஆனால் ராத்திரி எட்டு மணிக்குக் கடையிலிருந்து வரும் அம்மாவுக்காக அது திறந்திருக்காது. காப்பகம் விற்பது அந்த நேரத்தைத்தான்.

இனி, நான் அதிகம் சண்டை போடுகிற விஷயம்: கட்டணக் குறைப்பு. ஒரு எடுத்துக்காட்டு. முப்பது குழந்தைகள், ஆளுக்கு மாதம் 3,500 ரூபாய் என்றால் வரவு 1,05,000. வாடகை 22,000, மூன்று ஆயாக்களுக்கு 27,000, இரண்டு டீச்சர்களுக்கு 24,000, பால், சாப்பாடு 15,000, கரண்ட், கேஸ், சில்லறைச் செலவு 6,000. மொத்தம் 94,000. மிச்சம் 11,000. இதில் நான்கு குழந்தைகள் நின்றால் 14,000 ரூபாய் வரவு போகும். சாப்பாட்டில் மிச்சமாவது வெறும் 2,000. வாடகை அப்படியேதான் இருக்கும். ஆக, முப்பதில் நான்கு பேர் நின்றாலே மாதம் 1,000 ரூபாய் கைநஷ்டம்.

இதைப் பார்த்துப் பயந்து "எல்லோருக்கும் 500 ரூபாய் தள்ளுபடி" என்று போர்டு வைக்கிறார்கள். முப்பது பேருக்கு 15,000 ரூபாய் போச்சு. நான்கு பேர் நின்றால் நிகரமாகப் போவது 12,000தான்! ஒருவர்கூட நிற்காமலேயே அதைவிடப் பெரிய பள்ளத்தில் விழுகிறோம். அதுவும் ஒருமுறை இறக்கிய கட்டணத்தை மறுபடி ஏற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பது ஏற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கேட்பவர்களுக்கு மட்டும் அரைநாள் கட்டணம், வாரத்தில் மூன்று நாள் கட்டணம், இரண்டாவது குழந்தைக்குச் சலுகை என்று தனியாகக் கொடுப்பது வேறு. போர்டு வேண்டாம்.

செலவைக் குறைக்கும்போது முதலில் கை வைப்பது ஆயாவின் சம்பளத்தில். இரண்டு வயதுக் குழந்தைக்குக் காப்பகம் என்றால் கட்டடமோ டீச்சரோ இல்லை, தூங்கவைக்கிற அந்த ஆயாதான். அவர் போனால் குழந்தை அழும், ஒரு வாரம் பார்த்துவிட்டு அம்மா நிறுத்திவிடுவார். இன்னொன்று, வாடகை குறைவு என்று ஒரே படிக்கட்டு உள்ள மாடிக்கோ, தகரக் கொட்டகைக்கோ மாறுவது. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் கூரைப் பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்த மாநிலம் இது. அந்தச் சிக்கனம் நமக்கு வேண்டாம். வாடகையைக் குறைக்க ஒரே வழி, வீட்டு உரிமையாளரிடம் போய் உட்கார்ந்து பேசுவது. மந்தத்தில் அவருக்கும் வேறு ஆள் கிடைப்பது கஷ்டம்தானே.

சேலத்துக்கே உரிய ஒரு தவறும் உண்டு. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் காப்பகம் நடத்தினால் பாதிக் குழந்தைகள் வெள்ளிக் கொலுசுத் தொழில் வீடுகளிலிருந்தே வரக்கூடும். வெள்ளி விலை தாறுமாறாக ஏறினால் ஆர்டர் நிற்கும், பட்டறைகள் ஒரே மாதத்தில் கை கட்டி நிற்கும். இளம்பிள்ளையில் விசைத்தறிக்கும் நூல் விலைக்கும் இதே கதை. ரயில்வே, ஸ்டீல் பிளாண்ட், அரசு அலுவலகம் என்று மாதச் சம்பளக்காரர் வீட்டுக் குழந்தைகள் நாலைந்து பேராவது பட்டியலில் இருப்பது நல்லது. சேர்க்கைப் பதிவேட்டில் பெற்றோர் தொழில் என்று ஒரு கட்டம் இருக்குமே, அதை வருடத்துக்கு இருமுறை எண்ணிப் பாருங்கள்.

பெற்றோரிடம் மட்டுமே காசு கேட்பதும் தவறு. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும் என்றது. தனியாகவும் நடத்தலாம், பொது வசதியாகவும் வைக்கலாம். பெரிய துணிக்கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சொந்தமாக ஒன்று நடத்துவது தலைவலி. பத்து இடம் எங்களிடம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று போய்க் கேட்கலாம். என் மூன்று பேரில் ஒருவர்தான் கேட்டார். நான்கு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள், ஐந்தாவது இடத்தில் ஆறு குழந்தைகள் கிடைத்தார்கள்.

வருடக் கட்டணத்தை ஜூனிலேயே வாங்கி, சறுக்குமரமும் ஏசியும் போட்டுவிடுவது பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது திருப்பிக் கேட்டவர்களுக்குக் கொடுக்கப் பணமில்லாமல் ஒருவர் நகையை அடகு வைத்தார். முன்பணம் நம் பணம் இல்லை, அந்தந்த மாதம் வந்தால்தான் நம்முடையது.

ஏற்காட்டில் ஆரம்பிக்கலாமா என்று போன மாதம் ஒருவர் கேட்டார். அங்கே காப்பிப் பழம் பறிப்பு ஏறக்குறைய நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. அந்த மாதங்களில் பெண்களுக்கு வேலை இருக்கும், கையில் கூலி இருக்கும். பெரிய எஸ்டேட்டுகளுக்கு 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே காப்பகம் வைக்கச் சொன்னது. மிச்சம் இருப்பது சின்னத் தோட்டங்களும் விடுதிகளும். மாதக் கட்டணம் வைத்தால் மார்ச்சில் கட்டடம் காலியாகக் கிடக்கும் என்றேன். நாள் கூலிக்காரருக்கு நாள் கட்டணம், சனிக்கிழமை கூலி வாங்கியதும் வசூல். அதற்கு ஒத்துவருகிற வாடகைக்கு இடம் கிடைத்தால் பார்க்கலாம் என்றேன். இன்னும் இடம் தேடிக்கொண்டிருக்கிறார்.